கடைசிப் படிக்குக் கீழே: தாமிரபரணிக் கரைகளைப் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர், நீர்வளத்துறைப் பொறியாளர்கள், மாநகராட்சி ஆணையர், இந்து சமய அறநிலையத்துறை அலுவலர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் வடிந்ததிலிருந்து தாமிரபரணிக் கரையைப் பலப்படுத்த வேண்டும் என்ற பேச்சு ஊரில் ஓயவில்லை. ஓயவும் கூடாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய நேரம் அது; 1992 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களே மிரண்டுபோனார்கள். ஆனால் கரையைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது: ஆற்றோரம் நெடுக நேர்க்குத்தான கான்கிரீட் சுவர், அதன்மேல் கம்பி வேலி, இரண்டு மூன்று இடத்தில் பூட்டுப் போட்ட கேட். கரையும் தப்பும், குளிக்கப் போய் ஆள் மூழ்குவதும் நிற்கும் என்பது எண்ணம்.

கருப்பந்துறை, குறுக்குத்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை, எதிர்க்கரையில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை என்று இந்த நகரத்தின் பாதிப் பெயர்கள் ஆற்றைத் தொட்டுக்கொண்டு இருப்பவை. விடியும் முன்பே துண்டோடு ஆள் இறங்கும் துறைகள் இவை. இங்கே மக்களை வெளியே நிறுத்திவிட்டுக் கரையைக் காப்பாற்ற முடியாது; அதற்குத் தேவையும் இல்லை. கரையைத் தின்னுகிற பள்ளமும் ஆளை இழுக்கிற பள்ளமும் ஒன்றுதான். அதை எப்படி அடைப்பது, எங்கே காசு வீணாகும், எதை முதலில் செய்யலாம் என்பதை அளவுகளோடு எழுதியிருக்கிறோம். எஸ்டிமேட் போடுகிற மேசைக்கே இது போகட்டும்.

கரை மேலிருந்து சரிவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அது போவது அடியிலிருந்து. வெள்ளத்தில் மணல் படுகை கீழே இறங்கும். வெள்ளம் வடியும்போது மேலிருந்து வரும் மணல் அந்தக் குழியைப் பாதியாவது நிரப்பிவிடும். மறுநாள் போய்ப் பார்ப்பவருக்கு எவ்வளவு ஆழம் போனது என்றே தெரியாது. 2018 ஆகஸ்டில் திருச்சிக் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தபோதும் தண்ணீர் பாலத்தின் மேல் ஏறி அடிக்கவில்லை, அடி மணல் போனது. தாமிரபரணியில் 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மணல் அள்ளத் தடை விதித்தது. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் அள்ளிய இடங்களில் படுகை இன்னும் தாழ்ந்தே கிடக்கிறது. படுகை இறங்கினால் அன்றைக்குப் போட்ட அஸ்திவாரம் இன்றைக்குத் தொங்கும். பழைய படித்துறைகளின் கீழ்ப்படிக்கு அடியில் கையை விட்டால் வெற்றிடம் தட்டுப்படுவது இதனால்தான்.

இன்னொன்று, வெள்ளம் ஏறும்போது நின்ற கரை இறங்கும்போது இடிவது. இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறிய மண் கனத்துப்போயிருக்கும். அதுவரை எதிரே தாங்கிக்கொண்டிருந்த ஆற்றுநீர் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். உள்ளே நிற்கும் தண்ணீர் வெளியே வர வழி தேடும். வழி இல்லையென்றால் கரையையே தள்ளிக்கொண்டு வரும். சுவர் கட்டுகிறவர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான். பின்பக்கம் வடிகட்டி இல்லாமல், வீப் ஹோல் என்கிற நீர் கசியும் துளை போடாமல், போட்டாலும் சிமென்ட் பால் வழிந்து அடைத்துக்கொண்ட சுவர், வெள்ளத்தைத் தாங்கி நின்றுவிட்டு மூன்றாம் நாள் வெயிலில் ஆற்றுப் பக்கமாகக் கவிழும்.

நேர்ச்சுவர் தன் பங்குக்கும் சேதம் செய்கிறது. சாய்வான கரையில் ஏறி வேகம் குறைகிற தண்ணீர், நேர்ச்சுவரில் மோதிக் கீழ்நோக்கித் திரும்பிச் சுவரின் அடியையே தோண்டும். சுவர் முடிகிற இடத்தில் சுழி உண்டாகி அடுத்த மண்கரையைக் கடிக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் ஆறு சுவருக்குப் பின்னால் புகுந்திருக்கும். மேலே போட்ட கம்பி வேலியில் வாழைத்தண்டும் ஆகாயத்தாமரையும் பழந்துணியும் அடைந்து வேலியே தண்ணீரை மறிக்கும் பலகையாகிவிடும். அந்தப் பாரத்தில் சுவரின் தலைப்பும் பெயரும். பூட்டிய கேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு மாதத்தில் பக்கத்தில் ஒரு கம்பி வளைந்திருக்கும். ஆள் அந்த வழியாகப் புகுந்து, படியே இல்லாத மண்கரையில் சறுக்கி இறங்குவார்கள். கரையும் தேயும், ஆபத்தும் கூடும்.

இனி, கடைசிப் படி. நீச்சல் தெரியாதவர் மூழ்க நடு ஆறு வேண்டியதில்லை, கடைசிப் படிக்கு அடுத்த எட்டு போதும். படிக்கட்டு கல்லால் ஆனது, அது நகராது. அதன் அடியில் இருப்பது மணல். கடினமான விளிம்பும் இளகிய மணலும் சேர்கிற இடத்தில் ஆறு தோண்டும். இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர் ஒரு அடி முன்னே வைத்தால் இரண்டு ஆள் ஆழம். நெல்லையில் கசம் என்றால் எல்லோரும் இயற்கையான ஆழத்தைத்தான் நினைப்பார்கள். துறைகளுக்கு எதிரே இருக்கும் கசங்களில் பல நாமே கட்டியவை. அதே பள்ளம் உள்நோக்கி வளர்ந்து படியின் அடி மணலை உறிஞ்சும்போது படி இரண்டாகப் பிளக்கிறது. ஆகவே படித்துறைக்கு முன்னால் கல் விரிப்பு, பொறியாளர்கள் ஏப்ரன் என்பது, போடுவதுதான் எங்கள் முதல் கோரிக்கை, மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

கல் விரிப்பு எவ்வளவு அகலம்? குத்துமதிப்பாகச் சொல்லக்கூடாது, கணக்குப் போட வேண்டும். ஆறு எவ்வளவு ஆழம் தோண்டும் என்று கணக்கிடும் லேசி முறையில், அரை மில்லிமீட்டர் அளவுள்ள மணலுக்கு வண்டல் காரணி 1.76 × √0.5, அதாவது ஏறக்குறைய 1.25. வெள்ளத்தின்போது ஒரு மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு 10 கன மீட்டர் தண்ணீர் ஓடுவதாக வைத்துக்கொண்டால் சராசரி அரிப்பாழம் நீர்மட்டத்திலிருந்து 5.8 மீட்டர் வரும். மிதமான வளைவுக்கு ஒன்றரையால் பெருக்கினால் 8.7 மீட்டர். விரிப்பின் மேல் வெள்ள நேரத்தில் 4 மீட்டர் தண்ணீர் நிற்கும் என்றால், விரிப்புக்குக் கீழே 4.7 மீட்டர் தோண்டப்படும் என்று பொருள். விரிப்பின் அகலம் அந்த ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு: 7 மீட்டர். நேரான இடத்தில் இதே கணக்கு 5 மீட்டரில் முடியும், கடும் வளைவில் 9 மீட்டருக்கு மேல் போகும். எல்லாத் துறைக்கும் ஒரே வரைபடம் போட்டு டெண்டர் விட்டால் ஓரிடத்தில் வீண்செலவு, இன்னோரிடத்தில் இடிபாடு.

விரிப்பு வேலை செய்யும் விதத்தை மேற்பார்வையாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நல்லது. ஆறு தோண்டத் தோண்ட விரிப்பின் வெளி ஓரக் கற்கள் சரிந்து பள்ளத்தின் சரிவில் பாய் விரித்தாற்போல் படிய வேண்டும். அதற்காகவே போடுவது. கற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தால்தான் இது நடக்கும். அழகாக இருக்கட்டும் என்று மேலே கான்கிரீட் பூசி மூடினால் கற்கள் சரியாது. அடியில் குகை விழுந்து ஒருநாள் மொத்தமாக உடையும். கற்களைச் சிமென்ட் கலவையில் கட்டுவதும் அதே தப்பு. இரண்டு அடுக்காக 60 செ.மீ. கனமுள்ள கல் பதிப்பு சரிவில் இருந்தால், அது கீழே வந்து மூட வேண்டிய அளவுக்கு விரிப்பில் சராசரி 1.1 மீட்டர் கனம் கல் கிடக்க வேண்டும். 7 மீட்டர் அகலத்துக்கு, கரையின் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 8 கன மீட்டர், நம் ஊர்க் கணக்கில் மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 30 மீட்டர் துறைக்கு 85 யூனிட். இதில் பாதியைப் போட்டால் பாதிப் பலன் கிடைக்காது, ஒன்றும் கிடைக்காது.

கல்லின் எடையை வேகம் தீர்மானிக்கிறது, அதுவும் ஆறாம் அடுக்கில். ஐ.எஸ். 14262 என்ற இந்தியத் தர நிர்ணயம் தரும் சூத்திரப்படி, இரண்டுக்கு ஒன்று சாய்வில் (இரண்டு அகலத்துக்கு ஒன்று உயரம்), நொடிக்கு 3 மீட்டர் வேகத்துக்கு 22 கிலோ கல் போதும். 4 மீட்டருக்கு 125 கிலோ வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கு எடை ஐந்தரை மடங்கு. வேகத்தை அளக்காமல் ‘ஒரு ஆள் தூக்குகிற கல்’ என்று எழுதினால் என்ன ஆகும் என்பது இதிலேயே தெரியும். கணக்கு எவ்வளவு குறைவாக வந்தாலும் 40 கிலோவுக்குக் கீழே போக வேண்டாம். அது சுமார் ஒரு அடி குறுக்களவுள்ள கருங்கல். உருண்டைக் கல் வேண்டாம், முனையுள்ள உடைகல்தான் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்.

கல்லுக்கு அடியில் வடிகட்டி இல்லையென்றால் கல்லின் இடுக்கு வழியாக மண் வெளியேறி, கல் அப்படியே புதைந்து போகும். 15 செ.மீ. மணல், அதன்மேல் 15 செ.மீ. ஜல்லி என்பது பழைய முறை. ஜியோ டெக்ஸ்டைல் துணி புதிய முறை. துணியில் நடக்கும் தவறுகள் எல்லாம் போடும்போதுதான் நடக்கின்றன. மேல்நீர்ப் பக்கத்துத் துணியின் ஓரம் கீழ்நீர்ப் பக்கத்துத் துணியின் மேல் குறைந்தது 30 செ.மீ. ஏறியிருக்க வேண்டும், மாற்றிப் போட்டால் வெள்ளம் அதைத் தூக்கிவிடும். டிப்பரிலிருந்து கல்லை நேராகத் துணிமேல் கொட்டினால் கிழியும், கிழிந்ததைப் பிறகு யாரும் பார்க்க முடியாது. முதலில் 10 செ.மீ. ஜல்லி பரப்பிவிட்டுக் கல்லை இறக்க வேண்டும்.

இந்த ஆற்றில் ஒரு வசதி உண்டு. திருநெல்வேலியில் பல இடத்தில் படுகைக்கு அடியில் சற்றே கீழே பாறை கிடக்கிறது. குறுக்குத்துறையில் வெளியிலேயே தெரியும். அங்கே லேசி கணக்குக்கு வேலை இல்லை. இரும்புக் கம்பியை அடித்துப் பார்த்துப் பாறை எங்கே என்று குறித்துக்கொண்டு, பாறையில் 25 மி.மீ. கம்பியை மீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்டு இறக்கி, அதன்மேல் படியின் அடிக்கட்டை வார்த்தால் போதும். எஸ்டிமேட்டுக்கு முன் இந்தக் கம்பிச் சோதனைக்கு ஒரு நாள் செலவழித்தால் பல லட்சம் மிச்சமாகும்.

கேபியன், அதாவது கம்பிவலைக் கல்பெட்டி, இப்போது எல்லா எஸ்டிமேட்டிலும் வந்துவிடுகிறது. நல்ல பொருள்தான். ஆள் கால் வைக்கிற இடத்தில் மட்டும் வேண்டாம். சோப்புநீரும் சாக்கடையும் கலந்த தண்ணீரில் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் போகும். ஒரு கம்பி அறுந்தால் அது குளிக்கிறவர் காலைக் கிழிக்கும், கல் வெளியேறும், பெட்டி தொய்யும். துறைக்கு வெளியே போடும்போதும் பி.வி.சி. உறையிட்ட கம்பி, 10க்கு 12 செ.மீ. கண், 15 முதல் 25 செ.மீ. கல், ஒவ்வொரு மீட்டருக்கும் உள்தடுப்பு. ஓரத்தில் பெரிய கல்லை அடுக்கி நடுவில் சின்ன ஜல்லியைக் கொட்டி மூடுவதுதான் வழக்கமான ஏமாற்று. மூடி தைக்கும் முன் ஒரு பெட்டியையாவது கொட்டச் சொல்லிப் பாருங்கள்.

படித்துறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் குறுக்குத்துறை முருகன் கோயிலையே பார்க்கலாம். ஆற்றுக்குள் நிற்கிற கோயில். வெள்ளத்தைப் பிளந்து அனுப்பும்படி வெளிச்சுவர் படகின் முனைபோல் அமைந்தது. வெள்ளம் வருமுன் உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், கோயில் மூழ்கும், வடிந்ததும் கழுவிவிட்டு நடை திறப்பார்கள். தண்ணீர் மேலே ஏறும் என்று ஒத்துக்கொண்டு கட்டியது. கைப்பிடியும் விளக்குக்கம்பமும் உடைமாற்றும் அறையும் கட்டுகிறவர்கள் இந்த ஒத்துக்கொள்ளலோடு தொடங்க வேண்டும்.

படியின் உயரம் 15 செ.மீ., அகலம் 40 முதல் 45 செ.மீ. உட்கார்ந்து துவைக்கவும் தலைக்கு ஊற்றவும் 30 செ.மீ. படி போதாது. பத்துப் படிக்கு ஒரு தளம். கோடை நீர்மட்டத்துக்குக் கீழே 60 செ.மீ. வரை படிகள் இறங்கி, அங்கிருந்து 3 மீட்டர் அகலத்துக்குச் சமதளம் இருக்கட்டும். நீச்சல் தெரியாதவர்கள் நிற்குமிடம் அதுதான். அந்தத் தளத்தின் வெளி ஓரத்தில் ஒரு சங்கிலி, அதற்கு வெளியே கல் விரிப்பு. கைப்பிடிக் குழாய்களைக் குழிக்குழாயில் செருகிக் கழற்றக்கூடியதாக வைத்து, அக்டோபர் 15க்குள் கழற்றி எடுத்துவிட வேண்டும். நிரந்தரமாக வெல்டிங் வைத்தது ஒரு வெள்ளத்தில் குப்பையைப் பிடித்துக்கொண்டு படியோடு பெயரும். பக்கச் சுவர்கள் கரைக்கோட்டைவிட்டு ஆற்றுக்குள் நீளக்கூடாது. நீண்டால் அது ஒரு குட்டித் தடுப்பணையாகிக் கீழ்ப்பக்கத்துக் கரையை அறுக்கும். இரு முனைகளும் கரைக்குள் குறைந்தது 3 மீட்டர் திரும்பிப் புதைந்திருக்க வேண்டும்.

படியின் மேற்பரப்பு கொத்திய கருங்கல். பளபளப்பான கிரானைட்டும் டைல்ஸும் திறப்பு விழா அன்றைக்கு நன்றாக இருக்கும். பாசி பிடித்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பும். பாசியை மணலும் கம்பித் தூரிகையும் வைத்து வாரம் ஒருமுறை தேய்த்தாலே போகும். பிளீச்சிங் பவுடர் கொட்ட வேண்டாம், சற்றுக் கீழேயே குடிநீருக்கான உறைகிணறுகள் இருக்கின்றன.

முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் இறங்க 12க்கு 1 சாய்வில் ஒரு பாதை வேண்டும். 4 மீட்டர் இறங்க 48 மீட்டர் நீளம், ஒன்பது மீட்டருக்கு ஒரு தளம் சேர்த்தால் 55 மீட்டர். ‘இவ்வளவு இடம் ஏது’ என்ற கேள்வி வரும். ஆற்றை நோக்கி நேராக இறக்காமல் கரைக்கு இணையாக ஓடவிட்டால் இடம் கிடைக்கும். தவிர, சரிவின் நடுவில் ஒரு படிமேடை கிடைத்ததாகிக் கரையும் உறுதியாகும். மாடுகளுக்குத் தனித் துறை ஒன்று, 5க்கு 1 சாய்வில் கல் பதித்து. எருமை இறங்குகிற மண்கரை எதுவும் நிற்காது. அதைத் தடுக்கவும் முடியாது.

துறைகளுக்கு இடையில் இருக்கும் கரைக்குக் கான்கிரீட் வேண்டாம். இரண்டுக்கு ஒன்று சாய்வு கிடைத்தால் புல்லும் செடியும் தாங்கும். ஒன்றரைக்கு ஒன்றைவிடச் செங்குத்தானால் எந்தச் செடியும் தாங்காது, முதலில் மண்ணைச் சாய்த்தாக வேண்டும். 4 மீட்டர் உயரக் கரைக்கு 8 மீட்டர் இடம் தேவை. பல இடத்தில் அந்த 8 மீட்டரில் கொட்டகையும் கட்டடமும் இருக்கும். அங்கே வருவாய்த்துறை நில அளவைக் கல்லைத் தேடிக் கண்டுபிடிக்காமல் நீர்வளத்துறை வரைபடம் போட்டுப் பயனில்லை.

நீரோரத்தில் நாணலும் கோரையும் தானாகவே வரும், வரவிட்டால். நாணல் வெள்ளத்தில் படுத்துக் கரைமேல் விரிந்து, மண்ணைத் தொடுகிற தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும். ‘சுத்தப்படுத்தும் பணி’ என்று ஜே.சி.பி.யை இறக்கி அதை வேரோடு வழித்தெடுப்பது, கரையை அவிழ்த்துவிடுவதற்குச் சமம். நடுச்சரிவில் வெட்டிவேர்: செடிக்குச் செடி 10 முதல் 15 செ.மீ., வரிசைக்கு வரிசை உயரத்தில் ஒரு மீட்டர், வரிசை சமமட்டத்தில் ஓட வேண்டும். வரிசை சாய்ந்தால் மழைநீர் அதன் ஓரமாகவே ஓடி வாய்க்கால் வெட்டும். மர நிழலில் வெட்டிவேர் சரியாக வராது. இடையிடையே நொச்சிப் போத்து, கட்டைவிரல் பருமனில் இரண்டரை அடி நீளம், மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். செடி பிடிக்கும்வரை தென்னைநார்க் கயிற்றுப் பாய் விரித்து மூங்கில் முளை அடித்தால் இரண்டு ஆண்டுக்குத் தாங்கும், பிறகு மக்கிவிடும். கரையின் தோளில் நீர்மருது, புங்கன், நாவல். இருக்கும் பழைய மருத மரங்களைத் தொட வேண்டாம். பனை விதை ஊன்றும் விழாக்களுக்கு நாங்கள் எதிரி இல்லை. கரையின் மேலே பனை நல்லதுதான். ஆனால் அடி அரிப்புக்கு அது மருந்து என்று யாராவது பேசினால் நம்ப வேண்டாம்.

சீமைக்கருவேலத்தை எடுக்கத்தான் வேண்டும், குறிப்பாக நடு ஆற்றுத் திட்டுகளில் வளர்ந்து நீரோட்டத்தைக் கரைப்பக்கம் திருப்பிவிடுபவற்றை. திட்டில் இயந்திரம் போகலாம். கரைச்சரிவில் கையால் வெட்ட வேண்டும்: மேல்மண்ணை விலக்கி, வேர்க்கழுத்துக்குக் கீழே ஒரு அடி ஆழத்தில் அறுத்தால் மீண்டும் துளிர்க்காது, கீழ்வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டே மக்கும். பத்து மீட்டர் எடுத்து, பத்து மீட்டர் விட்டு, எடுத்த இடத்தில் நட்டது வேர்பிடித்த பிறகு மற்றதற்குப் போகலாம்.

நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதைகள் மழையில் ஓடையாகும் என்பது தெரிந்ததே. முள்ளை வெட்டிப் போட்டு மறித்தால் ஆள் பக்கத்தில் இன்னொன்று போடுவார்கள். மக்கள் எங்கே இறங்குகிறார்கள் என்பதை அந்தப் பாதைகளே காட்டுகின்றன; அங்கேயே ஒன்றரை மீட்டர் கல்கால்களைக் குறுக்கே பதித்துப் படியாக்குங்கள். சவுக்குக் கட்டை இரண்டு மூன்று ஆண்டில் உளுத்துவிடும், கல்கால் நிற்கும்.

மேலே நடைபாதை போடுவதில் ஒரு தவறு பல ஊர்களிலும் அப்படியே நடக்கிறது. பாதையின் சாய்வு ஆற்றை நோக்கி இருக்கும். ஒரு மணி நேர மழை மொத்தமும் கரையின் விளிம்பு வழியாகக் கொட்டி, ஒரு பருவத்துக்குள் பாதையின் ஓரம் அந்தரத்தில் தொங்கும். சாய்வு ஊர்ப்பக்கம் இருக்க வேண்டும், இரண்டு சதவீதம் போதும். அங்கே ஒரு வடிகால், அது குறிப்பிட்ட இடங்களில் மட்டும் கல்படிச் சறுக்கு வழியாக விரிப்புவரை இறங்க வேண்டும். பாதை கரை விளிம்பிலிருந்து 5 மீட்டராவது உள்ளே தள்ளி இருக்கட்டும். மாநகராட்சிச் சாக்கடைக் குழாய்கள் சரிவின் நடுவில் திறந்து விழும் இடங்கள் ஒவ்வொன்றும் ஒரு வெட்டுக்காயம். சாக்கடை ஆற்றில் கலப்பதே கூடாது என்பது தனி வழக்கு, அது தீரும்வரை குழாயின் வாயையாவது அடிவரை இறக்கிக் கல் போட வேண்டும். வாகனங்களைக் கரைவிளிம்புக்கு விடாமல் கல்தூண் நட்டுவிடுங்கள். பரிகாரத்துக்கு ஆற்றில் விடும் துணிகளுக்கு ஒவ்வொரு துறையிலும் ஒரு பெரிய கூடை, அமாவாசைகளில் மூன்று.

எப்போது செய்வது? ஜூன் 1 வாக்கில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் அடி வேலை நடக்காது. ஆகவே கல் விரிப்பும் அடிக்கட்டும் பிப்ரவரி முதல் மே வரை. அதற்கு டெண்டர் டிசம்பரில் முடிந்திருக்க வேண்டும். நிதியாண்டு முடிவில் அவசரமாக வேலையுத்தரவு கொடுத்து ஜூலையில் கல் இறக்கினால் அது ஆற்றுக்குக் கொடுத்த காணிக்கை. கோடையில் குடிநீருக்கு விடும் தண்ணீர் உறைகிணறுகளுக்குப் போயாக வேண்டுமாதலால் வேலையிடத்தில் தண்ணீரை மறிக்கப் போடும் தற்காலிக மண்வரப்பு ஆற்றின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வேலை முடிந்ததும் வரப்பை முழுதாக எடுத்த பிறகே கடைசிப் பில் பாஸ் செய்யப்படட்டும். விட்டுவைத்த வரப்பு அடுத்த வெள்ளத்தை எதிர்க்கரைமேல் திருப்பும். நடவு ஜூலையில், நீர் ஊற்றி. வடகிழக்குப் பருவத்துக்கு முன் மூன்று மாதம் வேர் இறங்க வேண்டும். எந்த வேலை நடந்தாலும் பக்கத்தில் ஒரு துறை திறந்திருக்கட்டும்.

அளவெடுப்பு விஷயம் ஒன்று. தண்ணீருக்குள் போன கல்லை எம் புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுத யாராலும் சரியாக அளக்க முடியாது. அதனால் கல்லைக் கரையில் அடுக்கி, அடுக்கை அளந்து, படம் எடுத்து, சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகே ஆற்றில் இறக்க அனுமதிக்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் பொறுப்புக்காலம் இரண்டு வடகிழக்குப் பருவத்தைத் தாண்ட வேண்டும். போட்ட கல்லில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாகக் கரையில் கையிருப்பு வைத்தால், வெள்ளம் வடிந்த வாரத்திலேயே சரிந்த இடத்தை நிரப்பலாம். கையிருப்பு இல்லாத இடத்தில்தான் சவுக்குக் கம்பும் மணல் மூட்டையும் ஓடி வருகின்றன. மூட்டைகளையும் முட்ட நிரப்புகிறார்கள். முக்கால் பங்குக்குக் குறைவாக நிரப்பி வாயை மடித்துப் போட்டால்தான் ஒன்றன்மேல் ஒன்று படியும்.

இதில் எதற்கும் காத்திராமல் இந்தக் கோடையிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு துறையிலும் 20 அடி மூங்கிலில் அடிக்கு ஒரு கோடு போட்டு, மிதவை அணிந்த இரண்டு பேர், கரையில் கட்டிய கயிற்றோடு, 5 மீட்டருக்கு ஒரு கோடாகக் கடைசிப் படியிலிருந்து 10 மீட்டர் வெளியே வரை மீட்டருக்கு ஒரு ஆழம் அளக்கட்டும். 30 மீட்டர் துறைக்கு 7 கோடு, 70 அளவு, ஒரு முற்பகல் வேலை. அதே அளவை ஜனவரியில், வெள்ளம் வடிந்த பிறகு, மறுபடி எடுத்தால் எந்தத் துறை எவ்வளவு வேகத்தில் அடி இழக்கிறது என்பது தெரிந்துவிடும். எந்தத் துறைக்கு முதலில் கல் என்பதில் சிபாரிசுக்கு இடமிருக்காது. படி அறநிலையத்துறைக்கு, கரை நீர்வளத்துறைக்கு, குப்பை மாநகராட்சிக்கு என்று பிரிந்து கிடப்பதால், இந்த அளவுப் பதிவேட்டை யார் கையில் வைப்பது என்பதை ஆட்சியர் ஒரு உத்தரவில் தீர்த்துவைக்க வேண்டும். அளந்த ஆழத்தை அந்தந்தத் துறையிலேயே பலகையில், மீட்டரில் அல்லாமல் ‘இடுப்பு’, ‘கழுத்து’, ‘ஆள் மட்டத்துக்கு மேல்’ என்று படம் போட்டு எழுதி, தேதியும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆற்றங்கரை வேலை தெரிந்த சிலர்,
திருநெல்வேலி.